கவிழ்த்து வைத்த காகிதங்கள்

காலை பதினொன்று இருபது. கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கை. முழங்கை வரை அது ஒரு நீல பிளாஸ்டிக் வாளிக்குள் இருந்தது. கைக்குச் சொந்தக்காரனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். தரையில் குத்தவைத்து உட்கார்ந்து வாளியைத் துழாவிக்கொண்டிருந்தான். கை வெளியே வந்தபோது விரல்களுக்கிடையே சாம்பல் நிறக் கூழ் வழிந்தது. அதைப் பிசைந்து வாசல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தான். ஓர் எழுத்துகூட மிச்சமில்லை.

"என்னடா இருக்கு?" என்று கேட்டார் மேசையருகே நின்ற வெள்ளைச் சட்டைக்காரர்.

"மாவுதான் சித்தப்பா. எல்லாம் மாவாக் கெடக்கு."

மூன்றாவது ஆள் வாசற்படியில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேன் சாவி அவர் விரலில் சுழன்றது.

கடைக்கார அக்கா ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் நின்றார். அவருடைய இடது உள்ளங்கை மிஷினின் மூடி மேல் அழுந்தியிருந்தது. ஆறு வருடமாக அந்தக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்படி மூடி மேல் கை வைத்து அவர் நின்று நான் பார்த்ததில்லை.

மதுரையிலிருந்து பசுமலைக்குப் போகும் சாலையில், ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்தது அந்தக் கடை. எட்டடிக்குப் பத்தடி. ஒரு மிஷின், ஒரு மேசை, ஒரு ஸ்டூல், சுவரில் கடிகாரம். பலகையில் ‘ஜெராக்ஸ்’ என்ற ஒரு சொல் மட்டும். அவருக்கும் தனியாகப் பெயர் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் ஜெராக்ஸ் அக்கா. இங்கேயும் பெயர் வேண்டாம். அவருக்குப் பிடிக்காது.

சௌராஷ்டிரக் குடும்பம். வயது நாற்பத்தைந்துக்கு மேல். எங்களிடம் பேசுவது மதுரைத் தமிழ். தாள்களை எண்ணும்போது மட்டும் உதடு வீட்டு மொழிக்குப் போய்விடும். அப்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து எண்ணுவார்.

அவர் வேலை செய்யும் விதத்தை நான் கவனிக்க ஆரம்பிக்க ஒரு மாதமானது. நீட்டிய காகிதத்தை வாங்கும்போதே கவிழ்த்துவிடுவார். எழுத்து இருக்கும் பக்கம் கீழே, வெற்றுப் பக்கம் மேலே. அப்படியே கண்ணாடியில் வைத்து மூடியை இறக்குவார். பொத்தானை அழுத்திவிட்டு, வெளிச்சம் ஓடி முடியும்வரை சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். நகல் வெளியே வந்ததும் அதையும் கவிழ்த்தே கொடுப்பார். ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், விடுதலைப் பத்திரம், இறப்புச் சான்று: அந்தச் சாலையில் ஒரு மனிதரைப் பற்றி எழுதப்படும் எல்லாமும் அவர் கை வழியாகப் போயின. எதையும் அவர் வாசித்ததில்லை.

"அக்கா, இதுல இனிசியல் சரியா இருக்கான்னு பாருங்களேன்" என்று ஒருவர் கேட்டால், "நீங்களே பாத்துக்கிருங்க. என் கண்ணாடிக்குப் பவர் பத்தல" என்பார். அதே கண்ணாடியோடு, திருப்பத்தில் வரும் பேருந்தின் எண்ணை எங்களுக்கெல்லாம் முன்பே சொல்லிவிடுவார்.

பழைய மிஷின். பத்துக்கு ஒன்று கறுத்தோ கோணியோ வரும். மற்ற கடைகளில் அந்தக் கெட்டுப்போன நகல்கள் மூலையில் மூட்டையாகச் சேரும். மாதம் ஒருமுறை கடலைக்காரர்களும் வடைக்கடைக்காரர்களும் எடைக்கு வாங்கிப்போவார்கள். மதுரையில் எத்தனையோ பேருடைய பிறந்த தேதி மேல் வைத்து நான் பஜ்ஜி தின்றிருக்கிறேன். இவர் கடையில் கெட்ட நகலை வாடிக்கையாளர் கையிலேயே கொடுப்பார். "இதையும் கொண்டுபோயிருங்க. ஒங்க மொகத்த இங்க விட்டுட்டுப் போகாதீங்க." வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனால், அவர்கள் படியிறங்குவதற்குள் நான்காகக் கிழித்து வாளித் தண்ணீரில் போடுவார். மறுநாள் காலை கையால் கசக்கி, தண்ணீரை இறுத்து, கூழை ஒரு பாலித்தீன் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவார். ஊறவைத்த வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து முறத்துக்குப் பூசினால் இடுக்கில் அரிசி நிற்காது. அவர் தெருவில் பாதி வீடுகளின் முறம் அப்படிப் பூசியதுதான் என்று ஒருமுறை சொன்னார். அதை மட்டும் கொஞ்சம் பெருமையாகச் சொன்னார்.

ஒரு மழை நாளில் அவருக்கும் சேர்த்து வறுகடலை வாங்கிப்போனேன். பொட்டலத்தைப் பிரித்தேன். அது யாரோ ஒரு மாணவியின் பள்ளி மாற்றுச் சான்றிதழின் நகல்.

"அங்க அடையாளம், வலது கன்னத்தில் ஒரு மச்சம்" என்று சத்தமாக வாசித்தேன்.

"வாசிக்காதீங்க சார்."

"பேரு தெரியலக்கா. பாதி கிழிஞ்சு போச்சு. மச்சம்தான் இருக்கு."

கடலையைத் தன் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி வாளியில் போட்டார். "ஒரு பிள்ளையோட மச்சத்த அந்தக் கடலைக்காரரு பாத்துட்டாரு. இப்ப நீங்களும் பாத்துட்டீங்க. இது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?" என்றார். கடலையை அவர் சாப்பிடவில்லை. மேசை மேல் வைத்துவிட்டார்.

கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தருக்கு அறுபது வயது. அவருக்கு இதெல்லாம் வேடிக்கை.

"ஏம்மா, ஒருத்தன் காயிதம் ஒன் கடையில கெடந்தா ஒன்னயப் புடிச்சு உள்ள போடவா போறாக? அப்புடி ஒரு சட்டமே கெடையாது."

"கெடையாதாண்ணே?"

"வச்சு ஏமாத்துனாத்தான் குத்தம். சும்மா வச்சிருந்தா ஒன்னுமில்ல."

"சும்மா யாருண்ணே வச்சிருப்பா?"

பத்திர எழுத்தர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

செல்போன் இணைப்பு மலிந்த புதிதில் ஒரு ஏஜெண்ட் அவரைத் தேடி வந்தான். இணைப்பு வாங்க ஒரு புகைப்படமும் ரேஷன் கார்டு நகலும் போதும் என்றிருந்த நேரம். மாதத்துக்கு இத்தனை இணைப்பு என்று அவனுக்கு இலக்கு இருந்தது. டக்-இன் செய்த சட்டையோடு மேசை மேல் சாய்ந்து, "அக்கா, வர்ற கார்டுல ஒரு காப்பி கூடுதலாப் போட்டு வைங்க. அவுகளுக்குத் தெரியவா போகுது?" என்று தணிந்த குரலில் சொன்னான்.

அக்கா நிமிர்ந்தார். வரிசையில் முதலாவதாக நின்ற மூக்குத்தி போட்ட அம்மாளைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும் குரலில், "ஏத்தா, ஒங்க கார்டுல ஒரு காப்பி இந்தத் தம்பிக்கு வேணுமாம். ஒங்க பேர்ல ஒரு போன் வாங்கி யாருக்கோ குடுக்கப்போறாராம். குடுக்கட்டா?" என்றார்.

அந்த அம்மாள் திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஏண்டா டேய், எம் பேரு ஒங்கப்பன் வீட்டுச் சொத்தா?" பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஏஜெண்டின் பைக் ஒரு உதையில் கிளம்பியது.

அந்த மாதமே இரண்டு தெரு தள்ளியிருந்த வேறொரு ஜெராக்ஸ் கடைக்காரரைப் போலீஸ் அழைத்துப்போனது. அவர் கொடுத்த நகலில் வாங்கிய எண்ணிலிருந்து யாரோ ஒரு டாக்டருக்கு மிரட்டல் போயிருந்தது. கார்டுக்குச் சொந்தக்காரரான கொத்தனார், செல்போனையே கையால் தொட்டிராதவர், ஒரு பகல் முழுக்க ஸ்டேஷனில் நின்றார். அந்தச் செய்தியை எழுதியது நான். அப்போது பத்திரிகையில் மதுரை நிருபராக இருந்தேன்.

பல வருடம் கழித்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. இன்னொருவருடைய கடவுச்சொல்லையோ தனித்த அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை. அதைத் தமிழில் சுருக்கி எழுதும் வேலை என் மேசைக்கு வந்தது. உரையை இரண்டு முறை படித்தேன். பயன்படுத்துவதைப் பற்றித்தான் இருந்தது. வைத்திருப்பதைப் பற்றித் தேடினேன், கிடைக்கவில்லை.

வாளிக்குள் கை இருந்த அந்தக் காலையில் அந்தத் திருத்தம் இன்னும் வரவில்லை, ஏஜெண்டும் என் நினைவில் இல்லை. மாநகராட்சி அறிவிப்பு ஒன்று, பன்னிரண்டு பக்கம், நகலெடுக்கப் போயிருந்தேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் நிதானமாகப் பேசினார். "அக்கா, நாங்க சண்டைக்கு வரல. எங்க அண்ணன் மக. காலேசுக்குப் போறேன்னு போன பிள்ள. ரெண்டு நாளாச்சு. அந்தப் பயலோட காலையில எதுத்த ஆபீசுக்கு வந்துட்டுப் போயிருச்சுன்னு தாக்கல் வந்துருக்கு. இங்கனதான் காப்பி எடுத்துருக்காக. எந்த ஊரு அட்ரசு குடுத்தாகன்னு மட்டும் சொல்லுங்க. போயிட்டே இருப்போம்."

"நான் பாக்கலண்ணே."

"நல்லா ரோசன பண்ணுங்க."

"பாத்தாத்தான ரோசன பண்ணுறதுக்கு?"

இளைஞன் எழுந்தான். கையிலிருந்த கூழை மேசை விளிம்பில் துடைத்தான். "மூணு பேரு வேலையப் பாக்காம நிக்கிறோம். இது வெளையாட்டா இருக்காக்கா ஒங்களுக்கு?" காணாமல்போன பெண்ணின் அண்ணன் அவன் என்பது முகத்திலேயே தெரிந்தது. இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். வாசற்படி ஆள் திரும்பிப் பார்த்தார். அவர் இடுப்பு வேட்டி ஒரு பக்கம் புடைத்திருந்தது. என்ன என்று எனக்குத் தெரியாது. நான் அதைப் பார்த்தேன், அக்காவும் பார்த்தார்.

அப்போது அவர் மூடியைத் தூக்கினார். கண்ணாடி மேல் ஒரு ரேஷன் கார்டு கவிழ்ந்து கிடந்தது. நகலை எடுத்துக்கொண்டு அசலை மிஷினுக்குள் மறந்துவிட்டுப் போவது எல்லாக் கடையிலும் தினமும் நடப்பது. அவர் அதை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"ஏன் சார், காலையில வந்தப்பவே கார்ட மறந்துட்டுப் போயிட்டீங்களே. எம்புட்டு நேரமா உள்ள கெடக்கு. எதுத்த ஆபீசுல கேட்டாகளாம்ல? மொதல்ல போய்க் குடுத்துட்டு வாங்க. கையில இருக்குறத அப்பறம் எடுக்கலாம்."

நான் அன்று காலையில் வரவில்லை. என் ரேஷன் கார்டு என் வீட்டு பீரோவில் இருந்தது. கையை நீட்டி வாங்கினேன். வாங்கிய பிறகுதான் புரிந்தது. எதிர் அலுவலகத்தில் அந்தப் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். இந்தக் கார்டு அவர்களுடையதோ, கூட வந்த யாருடையதோ. காணவில்லை என்று தெரிந்ததும் தேடிக்கொண்டு நேராக இந்தக் கடைக்கு வருவார்கள்.

"சாருக்கு எந்த ஊரு?" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர்.

"பசுமலை."

"கார்டக் கொஞ்சம் காட்டுங்க."

"எதுக்குண்ணே?" என்று அக்கா குறுக்கே வந்தார். "அவரு பொண்டாட்டி பேரு, பிள்ளைக வயசு எல்லாம் அதுல இருக்கு. அத நீங்க எதுக்குப் பாக்கணும்? ஒங்க வீட்டுக் கார்ட அவரு கேட்டா குடுத்துருவீகளா?"

வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு கணம் யோசித்தார். அவர் வீட்டுப் பெண்களின் பெயர் எழுதிய கார்டு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். வாசற்படி ஆள் எனக்கு வழி விட ஒரு அடி நகர்ந்தார். ஒரு அடிதான். அவர் தோளில் உரசிக்கொண்டு வெளியேறினேன்.

சாலையைக் கடக்க நாற்பது எட்டு. முதுகுக்குப் பின்னால் இளைஞனின் குரல் உயர்ந்தது, திரும்பவில்லை. அலுவலகத் தாழ்வாரத்தில் தூண் மறைவில் நின்று கார்டைத் திறந்தேன். யாரிடம் கொடுப்பது என்று தெரிய முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. குடும்பத் தலைவர்: முப்பது வயது, சுருட்டை முடி. அதன் கீழே முகவரி. என் கை சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து அந்த முகவரியை எழுதிக்கொண்டது. யாரும் கேட்கவில்லை. தொழிலில் பழகிய கை, கண் எதைப் பார்த்தாலும் எழுதும்.

சுருட்டை முடிக்காரர் உள்ளே சட்டைப் பைகளைத் தடவியபடி நின்றார். பக்கத்தில் கழுத்தில் வாடிய மாலையோடு ஒரு பையன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்ற பெண்.

"ஒங்க கார்டா?"

"அய்யோ, ஆமா சார்! இப்பத்தான் எடுக்கப் போகலாம்னு..."

"போகாதீங்க. கடையில ஆளு நிக்கிது. மூணு பேரு."

பெண் திரும்பினாள். "வெள்ளச் சட்டையா?" என்றாள். நான் தலையசைத்தேன். அவள் பையனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை.

அலுவலக ஊழியர் கையெழுத்து வாங்க அழைத்தபோது சுருட்டை முடிக்காரர் பேனாவைத் தவறவிட்டார். பதற்றத்தில் ஏதாவது பேசிக்கொண்டே இருந்தார். "நான் சாட்சிக்கு வந்தவன் சார். சாயங்காலத்துக்குள்ள போகணும். புழுவுக்கு எல போடணும்."

"என்ன புழு?"

"பட்டுப்புழு சார். பண்ணையில வேல. நேரத்துக்குப் போடலைன்னா செத்துரும். இவுக ரெண்டு பேரும் எங்கூடத்தான் வாராக."

பதினொன்று ஐம்பதுக்குக் கையெழுத்து முடிந்தது. அலுவலகத்தின் பின்வாசல் வேறொரு தெருவுக்குத் திறக்கும். நான்தான் ஆட்டோ அழைத்தேன். ஆட்டோ திருப்பத்தில் மறைந்தபோது முன்வாசலில் வேன் சாவிக்காரர் வந்து நின்றார்.

அன்று மாலை கடைக்குப் போனேன். மிஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. மேசையில் கூழ் துடைத்த கறை காய்ந்திருந்தது.

"குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சுக்கா. கெளம்பிட்டாங்க."

"உள்ள பாத்தீங்களா?"

"போட்டோ மட்டும். ஆள் தெரியணும்ல."

"சரி. அந்தப் போட்டோவ மறந்துருங்க" என்றார். குறிப்பேடு என் பையில் இருந்தது.

மறுநாள் பெண்ணின் தந்தை கடத்தல் புகார் கொடுத்தார். பகல் பன்னிரண்டரைக்கு அக்காவை ஸ்டேஷனுக்கு அழைத்துவந்து உட்காரவைத்தார்கள். வழக்கமாகச் செய்தி கேட்கப் போகிறவன்போல நானும் போய், ரைட்டர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைக்கு வந்த மூவரும் அங்கே இல்லை. பெஞ்சு என்னிடமிருந்து எட்டடி. அவர் என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

"காப்பி எடுத்தியா இல்லையா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"எடுத்தேன் சார்."

"என்ன அட்ரஸ்?"

"தெரியாது சார்."

"எழுத்துத் தெரியாதா ஒனக்கு?"

"தெரியும் சார். கண்ணாடியில கவுத்துப் போட்டுட்டா, என்ன எழுதியிருக்குன்னு மிஷினுக்குத்தான் தெரியும்."

ஒரு கான்ஸ்டபிள் சிரித்துவிட்டு உடனே முகத்தை மாற்றிக்கொண்டார்.

"கார்ட ஒரு ஆளுகிட்டக் குடுத்து அனுப்பியிருக்க. அவன் யாரு?"

"கடைக்கு வர்றவரு."

"பேரு?"

"கடைக்கு வர்றவுக பேரக் கேக்குறதில்ல சார்."

ஆறு வருடமாக என் பெயர் அவருக்குத் தெரியும். என் மகள் பெயர்கூடத் தெரியும். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "பாத்தீங்களா சார், எம்புட்டு அழுத்தம்" என்றார். நான் ஏதோ முனகினேன். ஐந்து மணிக்கு விட்டார்கள். தண்ணீர் மட்டும் கொடுத்திருந்தார்கள்.

அன்றே எழுதினேன். ஒரு குற்றமும் செய்யாத கடைக்காரப் பெண்ணை நாலரை மணி நேரம் உட்காரவைத்ததைப் பற்றிய செய்தி. அவருக்கு ஆதரவாக எழுதுவதாகத்தான் நினைத்தேன். மணமக்கள் பெயரில்லை, ஊர் இல்லை, சாட்சியின் பெயரில்லை, கடையின் பெயரில்லை. மூன்று முறை சரிபார்த்தேன். ஆனால் செய்திக்கு உயிர் வேண்டுமே. திருமணப் பதிவின்போது, பட்டுப்புழுப் பண்ணையில் வேலை செய்யும் சாட்சி, புழுவுக்கு இலை போட நேரமாகிறது என்று அவசரப்பட்டதை ஒரு வரியில் சேர்த்தேன். செய்தி ஆசிரியர் அந்த வரியை ரசித்தார். மேலே தூக்கி முதல் பத்தியிலேயே வைத்தார்.

செய்தி வந்த காலை, ஒன்பதே முக்காலுக்கு அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அதற்கு முன் அவர் வந்ததில்லை. கையில் பத்திரிகை, தோளில் ஒரு துணிப்பை. நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"என்னைய எழுதுனீங்க, சரி. அந்தப் புழுவ ஏன் எழுதுனீங்க?"

"பேரு எதுவும் போடலக்கா. ஊரும் போடல."

"நம்ம சுத்துவட்டாரத்துல பட்டுப்புழுப் பண்ணை எத்தன இருக்கு சார்?"

"தெரியலயே."

"பத்திர எழுத்தர் அண்ணனுக்குத் தெரியுது. காலையில பேப்பரப் படிச்சதும் சொல்றாரு. ஒன்னுதானாம்."

அறையில் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. எதிர் மேசைக்காரர் தலை தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

"அந்த வெள்ளச் சட்டைக்காரரும் பேப்பர் படிப்பாருல்ல?" என்றார். பிறகு, "அந்தக் கார்டுல இருந்த அட்ரசு ஒங்ககிட்ட இருக்கு" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறிப்பேட்டை எடுத்துப் பக்கத்தைத் திருப்பினேன்.

"ஒங்களுக்கு எழுதித் தர்றேன்க்கா."

"எழுத வேணாம். கிழிச்சுக் குடுங்க."

கிழித்துக் கொடுத்தேன். நான் பார்த்து அவர் வாசித்த ஒரே காகிதம் அதுதான். உதடு அசைய, இரண்டு முறை வாசித்தார். மடித்து ரவிக்கைக்குள் வைத்தார்.

"போன் பண்ணிப் பாக்கலாமா? பண்ணைக்கு நம்பர் இருக்கும். நான் விசாரிக்கிறேன்" என்றேன்.

"நீங்க இனிமே ஒன்னும் விசாரிக்க வேணாம்."

"தனியாவா போறீங்க? நானும் வர்றேன்."

"பஸ்சுல நானே போயிக்கிருவேன் சார்" என்று சொல்லிப் படியிறங்கினார்.

அன்றும் மறுநாளும் கடை பூட்டியிருந்தது. பத்திர எழுத்தர் வெயிலில் மேசையை நகர்த்தி நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தார். "அவ பிரசவத்துக்கே ரெண்டு நா லீவு போடாதவ" என்றார்.  பண்ணை இருந்த பகுதியின் நிருபரை முதல் நாளே தொலைபேசியில் பிடித்து, ஏதாவது தகராறு உண்டா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார். மறுநாள் மாலை அவரே கூப்பிட்டார். பண்ணைக் குடியிருப்புக்கு ஒரு வேனில் பதினொரு பேர் வந்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக் கதவைப் பெயர்த்து, சாமான்களை வெளியே எறிந்திருக்கிறார்கள். உள்ளே ஆள் இல்லை. அதற்கு முந்தின நாள் மதியமே சாட்சியின் குடும்பமும் கூட இருந்த இருவரும் துணிமணிகளோடு எங்கோ கிளம்பிவிட்டார்களாம். மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து பேசிக்கொண்டிருந்ததை அக்கம்பக்கத்தார் பார்த்திருக்கிறார்கள். "யாருன்னு தெரியல. பேரு கேட்டா சொல்லலையாம்" என்றார் நிருபர். புழுக்களுக்கு இரண்டு வேளை இலை விழவில்லை என்று பண்ணைக்காரர் புலம்பியதையும் சொன்னார். எதையும் நான் எழுதவில்லை.

அடுத்த நாள் காலை ஒன்பதரைக்குக் கடை திறந்திருந்தது. முன்பு விட்டுப்போன அந்தப் பன்னிரண்டு பக்கங்களோடு போனேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். வழக்கம்போல வாங்கினார், கவிழ்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கொடுத்தார். அவர்கள் போன பிறகு என் காகிதங்களை நீட்டினேன்.

அவர் கையை நீட்டவில்லை.

"மிஷின் ரிப்பேர் சார்" என்றார்.

மிஷினின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.